நூல் பிடித்துப் போன பயணங்கள்

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், ரெண்டு வருஷம் பிரான்சுல இருந்துட்டு வந்தீங்க. ஈபிள் டவரைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே?"

நியாயமான கேள்விதான். ஈபிள் கோபுரம் பார்த்தோம். 1889-இல் கட்டியது. இரும்பு. நல்ல உயரம். மேலே காற்று பலம். எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் என் மனைவியும் அங்கே சுற்றிய இடங்களில், இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு வருவது வேறு மூன்று ஊர்களைப் பற்றி. மூன்றும் துணி சம்பந்தப்பட்ட ஊர்கள். பஞ்சும் நூலும் தறியுமாகப் பிழைத்த நம் பக்கத்துக்காரர்களுக்கு அவற்றைச் சொன்னால் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்தது பாலவனத்தம், வளர்ந்தது புதுச்சேரி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த ஒரு வருஷத்தில் அப்பா புதுச்சேரி ரோடியர் மில்லில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் தொடர்ந்து நடந்தன. மில்லில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா என்னை அப்படி ஒரு பள்ளியில் சேர்த்தார். அதனால் நம்ம குண்டாறு எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாத வயதிலேயே சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் நதிகளை வரிசையாக ஒப்பிப்பேன்.

1962 ஆகஸ்டில் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது என்னோடு படித்த பலர் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். நாங்கள் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள், அந்தக் கேள்வியே எங்களுக்கு எழவில்லை. நான் புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்தேன். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளையும் பத்திரங்களையும் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்ததால், நான் படித்த மொழி ஃபைலுக்குள்ளேயே உயிரோடு இருந்தது. 2008-இல் ஓய்வு. 2011-இல் பாரிஸ் பக்கம் சார்செல் என்ற ஊரில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் போனோம். 2013 வரை இருந்தோம். திரும்பி வந்து பாலவனத்தத்திலேயே தங்கிவிட்டோம்.

இனி என் மனைவியைப் பற்றி. அவள் என் அத்தை மகள். அருப்புக்கோட்டைக்காரி. வீட்டில் மூன்று குழித்தறி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தார் சுற்ற உட்கார்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு புதுச்சேரியில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினோம். அத்தனை வருஷத்தில் தறியைப் பற்றி அவள் வாய் திறந்து பேசியதில்லை. கேட்டால், "அதுல என்ன பெருமை இருக்கு? இடுப்பு வலிதான் மிச்சம்" என்பாள்.

சார்செல்லும் சனிக்கிழமையும்

சார்செல் பாரிசுக்கு வடக்கே இருக்கிறது. ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் கார் து நோர் நிலையம். புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் சார்செல்லிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார்கள். கார் து நோரிலிருந்து நடக்கிற தூரத்தில் லா சப்பேல். அங்கே ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை எல்லாம் உண்டு. மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வீதி உலா வரும்போது பாரிஸ் தெருவில் சிதறுகாய் உடைப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூடத் தேங்காய்ச் சில்லு பொறுக்கும். எல்லாம் இழந்து வந்தவர்கள் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் உண்டாக்கிய தெரு அது.

வாரநாள் முழுக்கப் பேத்தியோடு போய்விடும். சனிக்கிழமை மகளும் மருமகனும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை. அறுபது தாண்டியவர்களுக்கு ரயிலில் சலுகை அட்டை உண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டோம். மகள், "அப்பா, அம்மாவை ரோம் கூட்டிட்டுப் போங்க, சுவிஸ் கூட்டிட்டுப் போங்க" என்பாள். ஆனால் எங்கள் முதல் பயணம் ஒரு ஜன்னல் திரையில் ஆரம்பித்தது.

மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு திரை தொங்கியது. வெள்ளைத் துணியில் சிவப்புக் கோட்டில் ஆடு மேய்க்கிறவர்கள், மரம், ஊஞ்சல் என்று சித்திரம் அச்சிட்டது. மனைவி ஒருநாள் அதன் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே, "இது எந்த ஊருச் சரக்கு?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன். "இது ழூயி துணி. அந்த ஊரே இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார்.

ழூயி: கடுக்காய் வாசனை

ழூயி-ஆன்-ழொசாஸ் வெர்சாய்க்குப் பக்கத்தில் பியேவ்ர் என்ற சிற்றாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஒரு பழைய மாளிகையில் துணி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒபர்காம்ப் என்ற ஜெர்மன்காரர் 1760-இல் அங்கே அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். 1843 வரை ஓடியது.

1760-இல் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன சாயத் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சைப் பிடித்து ஆட்டின. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணியை அந்த ஊர் ஜனங்கள் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எல்லோரும் அதையே உடுத்த ஆரம்பித்ததும் உள்ளூர்க் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் ராஜாவிடம் போய் முறையிட்டார்கள். 1686-இல் தடை வந்தது. இந்த அச்சுத் துணிகளை உள்ளே கொண்டுவரக் கூடாது, அதே மாதிரி அச்சடிக்கவும் கூடாது. ஜனங்கள் கேட்கவில்லை, திருட்டுத்தனமாக வாங்கி உடுத்திக்கொண்டே இருந்தார்கள். எழுபத்து மூன்று வருஷம் கழித்து, 1759-இல் தடையை எடுத்தார்கள். மறு வருஷமே ஒபர்காம்ப் கடை போட்டுவிட்டார்.

சாயம் நிற்கிற வித்தை அவர்களுக்கு எப்படிப் போனது? அதற்குப் பல வழி. ஒரு வழி நம் ஊர் வழியாகவே. கேர்து என்ற யேசு சபைப் பாதிரியார் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருந்தவர். 1742-இல் அவர் பிரான்சுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இங்கத்திய சாயக்காரர்கள் துணியை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று படிப்படியாக விவரித்திருந்தார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் நனைப்பதிலிருந்து அது ஆரம்பிக்கும். தன்னிடம் மதம் மாறி வந்த தொழிலாளிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கடிதம் அச்சாகிப் பலர் படித்தார்கள்.

நான் இதைச் சொல்லச் சொல்ல மனைவி மர அச்சுக்கட்டைகளையும் செப்புத் தகடுகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். கடுக்காய் என்றதும் நின்றாள். "எங்க அப்பத்தா வீட்டுல கடுக்காய் ஊறவச்ச பானை இருக்கும். அந்த வாடை இன்னும் மூக்குல இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்மகிட்டக் கேட்டுக்கிட்டுப் போயி, நம்ம மக வீட்டுக்கே திரையா வித்துப்புட்டாங்களே" என்று சிரித்தாள். தறி வீட்டைப் பற்றி அவளாகப் பேசியதை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஊரிலிருந்து வந்த போன்

அந்தக் குளிர்காலத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று தறியில் ஒன்றுதான் ஓடுகிறது; அதையும் நெய்வது முப்பது வருஷமாக அந்த வீட்டில் கூலிக்கு நெய்யும் ஒரு பெரியவர்; அவருக்கும் கண் மங்கிவிட்டது; இடத்துக்கு நல்ல விலை வந்திருக்கிறது. "அக்கா, உங்க கையெழுத்து வேணும். அங்க இருந்தே பவர் எழுதிக் கொடுத்தாப் போதும். அத்தான்கிட்டக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்" என்றான்.

தெரியும்தான். பாரிசில் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும், ஒருநாள் வேலை. "கையெழுத்துத்தானே, போட்டுரலாம்" என்றாள் மனைவி. ஆனால் படிவத்தை நான் தயார் செய்து வைத்த பிறகும், "அடுத்த வாரம் போவோம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே அப்போது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

லோரியாந்: பேர் இல்லாத துணி

2012 வசந்த காலத்தில் லோரியாந் போனோம். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து மேற்கே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பிரெத்தான் கடற்கரை. அந்த ஊரின் பெயருக்கே கிழக்கு என்றுதான் அர்த்தம். கிழக்கே போகும் கப்பல்களைக் கட்டவென்று 1666-இல் பிரெஞ்சு இந்தியக் கம்பெனி உண்டாக்கிய ஊர். எட்டு வருஷம் கழித்து, 1674-இல், அதே கம்பெனி புதுச்சேரியில் கால் வைத்தது. நான் பார்த்து வளர்ந்த தெருக்களின் மறுமுனை இது என்று நினைத்துக்கொண்டே ரயிலை விட்டு இறங்கினேன்.

மத்தியானம் ஒரு கடையில் காலெத் என்று ஒன்று தந்தார்கள். கறுப்பு மாவில் மெல்லிசாகச் சுட்டது. மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "கேப்பைத் தோசைதான், புளிக்க வைக்கத் தெரியலை" என்று தீர்ப்புச் சொன்னாள். நான் அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் நன்றி சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "ஐயா, நீங்கள் புத்தகம் பேசுவது போலப் பேசுகிறீர்கள்" என்றாள். அறுபதுகளின் பாடப் புத்தகப் பிரெஞ்சு. போன இடமெல்லாம் எனக்கு அந்த மரியாதை கிடைத்தது.

லோரியாந் துறையிலிருந்து சின்னப் படகில் எதிர்க்கரைக்குப் போனால் போர்-லூயி. கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை. அதற்குள் கம்பெனி அருங்காட்சியகம். கப்பல் மாதிரிகள், பீங்கான், மிளகு, தேயிலை, கடல் வரைபடங்கள் எல்லாம் இருந்தன. இங்கிருந்து புதுச்சேரி போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். போனவர்களில் பலர் நோயில் சாவார்கள். துணிகள் இருந்த அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. சாயம் வெளுக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

மனைவி ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றாள். கூப்பிட்டாள். "ஏங்க, இந்த ஓரத்தைப் பாருங்க. நாடா திரும்புற இடத்துல இழுப்பு எல்லாம் ஒண்ணு போல இருக்கு. ஒரு இடத்துல தளரலை. நல்ல கைக்காரன்." பிறகு பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "இதுல நெசவு பண்ணவன் பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

படித்துப் பார்த்தேன். சோழமண்டலக் கரை, பதினெட்டாம் நூற்றாண்டு, பருத்தி என்று இருந்தது. பெயர் இல்லை. அறையில் இருந்த பணியாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கப்பலின் பெயர், தலைவன் பெயர், எத்தனை கட்டு, என்ன விலை, யார் ஏலம் எடுத்தது என்பதெல்லாம் கம்பெனிக் கணக்கில் கிடைக்கும், நெய்தவர் பெயரை எழுதும் வழக்கம் கம்பெனிக்கு இல்லை என்றார்.

அது எப்படி நடந்தது என்பது எனக்குத் தெரியும். கம்பெனி நேராகத் தறிக்காரனிடம் போகாது. துபாஷ், வியாபாரி, தரகன் என்று இறங்கி, கடைசியில் முன்பணமாகத் தறிக்காரன் கைக்குப் போகும். துணி அதே படியில் மேலே ஏறும். புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை நமக்குக் கிடைத்திருக்கிறார். துப்ளேக்சின் துபாஷ் அவர். மேல் படிகளில் இருந்தவர்களுக்குப் பெயர் உண்டு. கடைசிப் படிக்கு இல்லை.

இன்னொரு விஷயமும் மனைவியிடம் சொன்னேன். இந்தியாவிலிருந்து வந்த துணி எல்லாம் பிரான்சில் உடுத்தப்படவில்லை. ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கப் பயன்பட்டது. அடிமை வியாபாரம் ஒழிந்த பிறகும் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த கினே என்ற நீலத் துணி செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கருவேலம் பிசின் வாங்க அதுதான் காசு மாதிரி.

அவள் எதுவும் பேசவில்லை. படகில் திரும்பி வரும்போதுதான் கேட்டாள்: "நெசவு பண்ணவனுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" தெரிந்திருக்காது என்றேன். "அவன் பேரு அவங்களுக்குத் தெரியலை. அவன் துணி எங்க போச்சுன்னு அவனுக்குத் தெரியலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லியோன்: ஒரே முடிச்சு

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் லியோன் போனோம். பாரிசிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். அதிவேக ரயிலில் இரண்டே மணி நேரம். ரோன் நதியை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எட்டு வயதில் ஒப்பித்த பெயர், அறுபத்து நாலு வயதில் தண்ணீராக ஓடியது.

லியோனில் குருவா-ரூஸ் என்று ஒரு குன்று. மெட்ரோ ரயிலே ஊட்டி ரயில் மாதிரிப் பல்சக்கரம் பிடித்து மேலே ஏறும். அந்தக் குன்று முழுக்க ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் குடியிருப்பு. அவர்களைக் கனுய் என்பார்கள். வீடுகளுக்குக் கூரை ரொம்ப உயரம், ஜன்னல் பெரிசு. காரணம் அலங்காரம் அல்ல. தறி ஏறத்தாழ நாலு மீட்டர் உயரம், அதன் தலையில் ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும்.

ஜக்கார்டு! நம் ஊரில் கரை போடுகிற எல்லாத் தறிக்காரருக்கும் தெரிந்த சொல். சதுக்கத்தில் நின்ற சிலையைக் காட்டி, "இவர்தான் ஜக்கார்டு. இந்த ஊர்க்காரர். 1804 வாக்கில் அட்டையில் துளை போட்டு அதன்படி நூலைத் தூக்குகிற தறியை உண்டாக்கியவர்" என்றேன். மனைவி நம்பவில்லை. "அது ஆளு பேரா? எங்கய்யா சக்காடு சக்காடுன்னுவாரு. நான் ஏதோ மரத்து பேருன்னு நெனச்சிட்டேன்" என்றாள். இரண்டு கையையும் எடுத்து ஒரு கும்பிடு போட்டாள்.

அங்கே கனுய் இல்லம் என்று ஒரு காட்சியகம். பழைய தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். நாங்கள் போனபோது பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு நடுவயதுப் பெண்மணி நெய்துகொண்டே விளக்கம் சொன்னார். தறியின் சத்தத்தை வைத்து லியோன்காரர்கள் அதற்குப் பிஸ்தாங்க்ளாக் என்றே பேர் வைத்திருக்கிறார்களாம். மனைவிக்குச் சொன்னேன். "நம்ம வீட்டுல லொடக்கு டொடக்கு" என்றாள்.

நான் அவர் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே மனைவி என் கையைத் தட்டி, "நூல் அறுந்துருச்சு" என்றாள். அந்தப் பெண்மணி இன்னும் இரண்டு தடவை மிதித்துவிட்டுத்தான் நிறுத்தினார். உண்மையிலேயே பாவில் ஒரு இழை அறுந்திருந்தது. நான் மனைவி சொன்னதை அவரிடம் சொன்னேன். "எப்படித் தெரிந்தது?" என்றார். "சத்தம் மாறுச்சே" என்றாள் இவள்.

அவர் எழுந்து வந்து இவளைத் தறிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அறுந்த இடத்தைக் காட்டினார். இவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு நுனியையும் எடுத்தாள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே இன்னொரு நூலை எடுத்துத் தன் முடிச்சைப் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே முடிச்சு! அப்புறம் இரண்டு பேரும் தறிக்குப் பின்பக்கம் போய் எதை எதையோ தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். அவர் பிரெஞ்சில் பேசினார், இவள் அருப்புக்கோட்டைத் தமிழில் பேசினாள். அந்த ஐந்து நிமிஷமும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு அந்தப் பெண்மணி கனுய்களின் கதையைச் சொன்னார். தறி நெசவாளி வீட்டில் இருக்கும், பட்டு வியாபாரியுடையது. வியாபாரி நூல் கொடுப்பான், துணியை வாங்கிக்கொண்டு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பான். விலை விழுந்தால் முதலில் வெட்டுவது கூலியைத்தான். 1831 அக்டோபரில் நெசவாளிகள் பேசி ஒரு குறைந்தபட்சக் கூலி விகிதத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். வியாபாரிகளில் பலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் இந்தக் குன்றிலிருந்து இறங்கி நகரத்தையே பிடித்துக்கொண்டார்கள். பாரிசிலிருந்து பெரும் படை வந்தது. கூலி விகிதம் ரத்தானது. 1834-இல் மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் அடக்கப்பட்டார்கள். அந்த இரண்டு எழுச்சிகளும் உலகத் தொழிலாளர் வரலாற்றில் முதல் பக்கங்களில் வருகிறவை.

முதலாளி பாவு கொடுப்பது, தறிக்காரன் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது. இதை நான் மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் இருந்தது.

சாயங்காலம் ரோன் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவளாகவே சொன்னாள். அவளுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது கூலியைக் குறைத்தார்களாம். அவள் அப்பா உட்பட அந்தத் தெருவே மூன்று வாரம் தறியில் உட்காரவில்லை. வீட்டில் கூழும் இல்லாத நாட்கள் இருந்தன. "அப்ப எங்க வீட்டுல கூலிக்கு நெய்யுறவங்க ரெண்டு பேரு. எங்கய்யா சொன்னாரு, என்னால உங்களுக்குக் கூலி தர முடியாது, வேற எடம் பாத்துக்கங்கன்னு. ஒருத்தர் போயிட்டாரு. இன்னொருத்தர் மூணு வாரமும் வந்து திண்ணையில உக்காந்திருந்தாரு. வேலை இல்லாட்டியும் வந்தாரு. அவரு அண்ணன் மகன்தான் இப்ப நெய்யுற அண்ணன். சித்தப்பனுக்கு அப்புறம் அவரு வந்து உக்காந்தாரு."

நதியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். "ரெண்டு தலைமுறை அந்தக் குழியில கால் வச்சிருக்காக. எடத்த விக்கிறப்ப அவுகளுக்குன்னு எதுல எழுதியிருக்கு?" என்றாள்.

எதிலும் எழுதியிருக்கவில்லை. நாற்பது வருஷம் பத்திரங்களோடு வேலை பார்த்தவன் நான். பட்டாவில் மாமா பெயர், வரி ரசீதில் மாமா பெயர், வாரிசுச் சான்றில் மூன்று பிள்ளைகள் பெயர்.

கையெழுத்து

சார்செல்லுக்குத் திரும்பிய மறுநாள் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். "கையெழுத்துப் போடுறேன். விக்கிற பணத்துல நாலா பங்கு வச்சு ஒரு பங்கு அண்ணனுக்குக் கொடுக்கணும்" என்றாள். தம்பிக்குக் கோபம். "அவருக்கு எதுக்குக்கா பங்கு? நெஞ்ச கூலியெல்லாம் பாக்கியில்லாமக் கொடுத்தாச்சு." அவன் சொன்னதிலும் சட்டப்படி தப்பில்லை. இரண்டு மாதம் போன் இல்லை. தங்கை நடுவில் நின்று தவித்தாள். கடைசியில் மனைவியே முடித்தாள்: "சரிடா, உன் பங்கு உனக்கு. என் பங்குல இருந்து கொடுத்துர்றேன். அதுக்கு நீ தடை சொல்லாத."

தூதரகத்துக்குப் போனோம். அத்தாட்சி வாங்கி அனுப்பினோம். 2013-இல் ஊருக்கு வந்ததும் அவளே நேரில் போய் அந்தப் பெரியவரிடம் பணத்தைக் கொடுத்தாள். அவர் முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது, வீட்டுக்கு ஓடு மாற்றினார். இப்போது அவர் இல்லை. தம்பிக்கும் எங்களுக்கும் போக்குவரத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால் அவன் முகம் மாறும். தறி இருந்த இடத்தில் இன்றைக்கு இரண்டு கடைகளும் மேலே ஒரு வீடும் இருக்கின்றன.

மகள் எங்களை அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொன்னாள். குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்திருக்கலாம். மனைவிதான் போவோம் என்றாள். காரணம் கேட்ட மகளிடம், "இங்க எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள வச்சுப் பாத்துக்கிறாங்க. அங்க பாத்துக்க ஆள் இல்லை" என்று சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை பதிவேடு போடுவது. வந்த பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். மனைவி சொல்லச் சொல்ல, மாமா வீட்டு மூன்று தறியிலும் நெய்தவர்கள், தார் சுற்றியவர்கள், பாவு தோய வந்தவர்கள், கஞ்சி காய்ச்சிய பெண்கள் என்று எழுதினேன். பெயர், எந்தத் தெரு, எத்தனை வருஷம், என்ன நெய்தார். அவளுக்கு மறந்ததைத் தங்கையிடம் கேட்டோம். முப்பத்தொரு பெயர் சேர்ந்தது. சிலருக்குப் பட்டப்பெயர்தான் கிடைத்தது, அதையும் எழுதினேன். ஒருநாள் தம்பியும் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, இரண்டு பெயரைச் சேர்த்தான்.

நம் பாலவனத்தம் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்து, அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். பாடியவர்கள் பெயர் ஏட்டில் இருந்தது, அதனால் தேட முடிந்தது. நெய்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம் வயதுக்காரர்கள் நினைவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறி ஓடியிருந்தால், அதில் உட்கார்ந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. எழுதியதும் எனக்கு ஒரு நகல் கொடுங்கள். நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது.